ஊரைக் காலி செய்யும் படங்கள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் படம் போட்டுப் பேசுகிறோம். கொஞ்ச காலமாக வெள்ளம், சுனாமி, விஷவாயு என்று பேரிடர்ப் படங்களாகவே ஓடுகின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கத்துப் பிள்ளைகள். கூடவே அவர்களுடைய அம்மா அப்பாக்களும் வருகிறார்கள். படம் முடிந்ததும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பேரிடர்ப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இயற்கையோ இயந்திரமோ கைமீறிப் போய், ஒரு கூட்டம் உயிர் பிழைக்கப் பாடுபடுவதே கதை என்றால் அது பேரிடர்ப் படம். கவிழ்ந்த கப்பலைக் காட்டிய 'தி போசைடன் அட்வெஞ்சர்' (1972), தீப்பிடித்த கட்டடத்தைக் காட்டிய 'தி டவரிங் இன்ஃபெர்னோ' (1974) இரண்டும் ஹாலிவுட்டில் இதற்கு ஒரு அச்சு போட்டுக் கொடுத்தன. இந்தியில் 'தி பர்னிங் டிரெயின்' (1980) அந்த வழியில் வந்தது. இங்கே நான் இன்னும் குறுக்கிக்கொள்கிறேன். ஓர் இடத்தை விட்டு மக்கள் வெளியேறுவதையும், வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வதையும் காட்டும் படங்களைப் பற்றித்தான் பேச்சு.

வடசென்னையில் இதைத் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கிழக்கே கடல். நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் ரசாயன ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. வெள்ளம், புயல், சுனாமி, வாயுக்கசிவு என்று சினிமாக்காரர்கள் நாலு படத்தில் பிரித்து வைப்பதெல்லாம் இங்கே ஒரே பின்கோடுக்குள் வரக்கூடியவை.

வந்தும் இருக்கின்றன. 2004இல் சுனாமி. 2015 டிசம்பரில் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் கொசஸ்தலை வழியாக வந்து மணலி புதுநகரைச் சூழ்ந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, படகும் வலையும் கறுத்துப் போயின.

அந்த மாதம் அதோடு முடியவில்லை. டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். அன்று நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து எண்ணூரில் உள்ள உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் பெரியகுப்பம் அருகே கசிவு ஏற்பட்டது. தூக்கத்தில் இருந்தவர்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்து எழுந்தார்கள். பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். கிடைத்த ஆட்டோ, பைக், வேன் எதுவானாலும் ஏறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவில் வெளியேற்றத்தை நடத்தியது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கைகள்தான். பேரிடர்ப் படங்களில் நான் முதலில் தேடுவதும் அந்தக் கைகளைத்தான்.

தமிழில் சென்னையை அழிக்கும் படங்கள் உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். ஜெயம் ரவி நடித்து சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'டிக் டிக் டிக்' (2018) எண்ணூரில் விண்கல் விழுவதோடு தொடங்குகிறது. அடுத்து அதைவிடப் பெரியது வங்கக் கடலில் விழப்போகிறது, அலை எழும்பினால் கோடிக்கணக்கானவர்கள் சாவார்கள் என்று தெரிகிறது. அத்தனை பேரையும் அப்புறப்படுத்த நேரமில்லை என்று முடிவாகி, கதை விண்வெளிக்குக் கிளம்பிவிடுகிறது. எனக்கு அங்கேதான் ஏக்கம். எண்ணூரில் கல் விழுந்த பிறகு அந்தத் தெருவில் என்ன நடந்தது, அடுத்த அலைச் செய்தி கத்திவாக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் கிளம்பினார்கள், யார் உட்கார்ந்துவிட்டார்கள்? அது வேறு படம், இன்னும் யாரும் எடுக்கவில்லை.

கமல்ஹாசனின் 'தசாவதாரம்' (2008) 2004 சுனாமியை உச்சக்கட்டத்தில் வைத்தது. பிரபு சாலமனின் 'கயல்' (2014) கன்னியாகுமரிக் கரையில் அதே அலையைக் காட்டியது. இரண்டிலும் அலை கதையின் முடிச்சை அவிழ்க்க வருகிறது. அலைக்கு முந்தைய மணி நேரங்கள் இரண்டுக்கும் தேவைப்படவில்லை.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

யோசிக்காமல் சொல்வேன்: ஜூட் ஆந்தணி ஜோசப் இயக்கிய மலையாளப் படம் '2018'. 2023இல் வந்தது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இதுதான். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம் கதை. படத்தின் முதல் பாதி முழுக்க ஊர் மனிதர்களோடு பழக வைக்கிறார்கள். பட்டாளத்தை விட்டு வந்த இளைஞன், மீனவக் குடும்பம், கண் தெரியாத கடைக்காரர், தமிழ்நாட்டிலிருந்து போகும் லாரி ஓட்டுநர் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். லாரி ஓட்டுநராக வருபவர் கலையரசன், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 'மெட்ராஸ்' படத்து அன்பு. அவரைத் திரையில் கண்டதும் எங்கள் ஹாலில் விசில் பறந்தது.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது இந்திரன்ஸ் நடித்த கண் தெரியாத மனிதரை. தண்ணீர் வீட்டுக்குள் ஏறும்போது எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு ஏறிவிட்டது என்பதெல்லாம் அவருக்குக் காலில் படும் ஈரத்திலும் காதில் விழும் சத்தத்திலும்தான் தெரியும். நம் தெருவில் வெள்ளம் வந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கேள்வியை அந்தப் பாத்திரம் நேராக நம் முன் வைத்துவிடுகிறது. படம் முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் அவரவர் தெருவில் படுக்கையாக இருக்கும் பாட்டி, சக்கர நாற்காலியில் இருக்கும் அண்ணன் என்று பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சுனாமி, படத்தில் வருவது போலத்தான் வருமா?

பெரும்பாலான படங்களில் அலை ஒரு சுவர் மாதிரி எழும்பி, நுனி சுருண்டு விழும். நிஜத்தில் பெரும்பாலும் கடலே மட்டம் உயர்ந்து நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதனால்தான் பலருக்கு அது ஆபத்து என்று புரியவே நேரம் ஆகிறது. தண்ணீரைவிட அதில் மிதந்து வரும் படகு, மரம், தகரம், கம்பி இவைதான் உடம்பைக் கிழிக்கும். இதை மிகச் சரியாகக் காட்டியது ஜே.ஏ. பயோனாவின் 'தி இம்பாசிபிள்' (2012). தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் 2004 சுனாமியில் சிக்கிப் பிழைத்த ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் உண்மைக் கதை. திரையில் அவர்களை ஆங்கிலக் குடும்பமாக மாற்றியிருக்கிறார்கள். தண்ணீருக்கு அடியில் அந்த அம்மா புரண்டு புரண்டு குத்துப்படும் காட்சியைப் பார்த்தால், அலை ஏன் நீச்சல் தெரிந்தவரையும் விடுவதில்லை என்று தெரியும்.

இன்னொரு விஷயம். "கடல் உள்வாங்கினால் சுனாமி" என்று நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். உள்வாங்கினால் ஓட வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உள்வாங்காமலும் வரும். 2004இல் நிலநடுக்கக் கோட்டுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் முதலில் கடல் பின்வாங்கியது. மேற்கே இருந்த நம் கரையில் முதலில் நீர் ஏறியது. முதல் அலையோடு முடிவதும் இல்லை. வடிந்துவிட்டது என்று பொருள் எடுக்க இறங்கியவர்களை அடுத்த அலை கொண்டுபோன ஊர்கள் உண்டு.

அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரம் காலை 6:29க்கு. சென்னைக்கு அலை வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள், அதில் 6,000க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். இரண்டரை மணி நேரம் இருந்தும் சொல்ல ஆள் இல்லை, சொல்வதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. நார்வே படமான 'தி வேவ்' (2015) பார்த்தபோது இதுதான் எனக்கு வலித்தது. அங்கே மலை சரிந்து கடற்கழியில் விழுந்தால் ஊருக்குக் கிடைப்பது பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஆட்கள் உட்கார்ந்து மலையின் விரிசலை அளந்துகொண்டிருக்கிறார்கள். கதைதான் கற்பனை. ஓகர்னேசெட் மலையின் விரிசலும், அதைக் கண்காணிப்பதும் நிஜம்.

படத்தில் எப்போதும் ஒரு பெரியவர் "நான் வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிடுகிறாரே, நிஜத்திலும் அப்படியா?

ஆமாம். ஆனால் படங்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் பாசம் அல்லது பிடிவாதம்: இது என் அப்பா கட்டிய வீடு, செத்தாலும் இங்கேதான். இங்கே நான் கேட்ட காரணங்கள் வேறு.

படகும் இன்ஜினும் வலையும் கடனில் வாங்கியவை. புயல் நேரத்தில் படகை இழுத்துக் கட்டாமல் போனால் மறுநாள் பிழைப்பு இல்லை. அதனால் ஆண்கள் கடைசிவரை கரையில் நிற்கிறார்கள், ஆண்கள் வராமல் பெண்களும் கிளம்புவதில்லை. அப்புறம் வீட்டில் இருக்கும் சாமான். தவணையில் வாங்கிய டிவி, பிரிட்ஜ், மகளுக்குச் சேர்த்து வைத்த பாத்திரம். காலி வீட்டில் திருட்டுப் போகும் என்ற பயம். ஆடு, நாய், புறா வளர்ப்பவர்கள் அவற்றை எங்கே விடுவது என்று கேட்கிறார்கள். முகாமில் அவற்றுக்கு இடம் இல்லை.

முகாம் என்றால் பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், சில நேரம் கல்யாண மண்டபம். சோறு வந்துவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் முதலில் கேட்பது கழிவறையைப் பற்றி. பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டிய நாலைந்து கழிவறையில் இருநூறு முந்நூறு பேர் எப்படிப் போவது? வயசுக்கு வந்த பெண்ணை எங்கே படுக்க வைப்பது? தண்ணீர் முழங்காலுக்கு வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று எங்கள் அத்தை மிக்ஜாம் மழையின்போது உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம். முழங்காலுக்கு வந்த பிறகு இருட்டில், மின்சாரம் இல்லாமல், சாக்கடை மூடி எங்கே என்று தெரியாத தெருவில் கட்டில் பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அரிசி டின்னை மச்சில் ஏற்றிவிட்டு, ரேஷன் கார்டையும் பேங்க் புத்தகத்தையும் பால் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். அந்தப் பால் கவரை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பயம் இருக்கிறது. ஒரு தடவை போனால் திரும்ப விடுவார்களா? சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எர்ணாவூரிலும், நகரின் தென்கோடியில் செம்மஞ்சேரியிலும் வீடு கொடுத்தார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு அங்கிருந்து காசிமேடு எவ்வளவு தூரம்? "பாதுகாப்பான இடத்துக்கு வாங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது கேட்பவர் மனதில் இந்த நினைப்பும் ஓடும். செர்னோபில் அணு உலை விபத்தைச் சொன்ன 'செர்னோபில்' (2019) தொடரைப் போட்டபோது இதனால்தான் ஹால் அமைதியாகிவிட்டது. 1986 ஏப்ரல் 27 அன்று அந்த உலைக்குப் பக்கத்தில் இருந்த பிரிப்யாத் நகரத்தின் ஏறத்தாழ 50,000 பேரை ஆயிரத்துக்கு மேற்பட்ட பேருந்துகளில் ஏற்றினார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். யாரும் குடியிருக்கத் திரும்பவில்லை.

'டைட்டானிக்' பேரிடர்ப் படமா, காதல் படமா?

இரண்டும்தான். காதலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு உயிர்காப்புப் படகுகளை மட்டும் பாருங்கள். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். படகுகளில் இருந்த மொத்த இடம் 1,178. பாதிப் பேருக்குத்தான் இடம் என்பது எல்லோருக்கும் தெரிந்த அநியாயம். பிழைத்தவர்களோ சுமார் 710 பேர்தான். அதாவது இருந்த இடமும் நிரம்பவில்லை. 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு முப்பது பேர்கூட இல்லாமல் இறங்கியது. வெளிச்சமும் பாட்டும் வெதுவெதுப்புமாக இருக்கும் பெரிய கப்பலை விட்டு, இருட்டில் ஆடும் சின்னப் படகில் ஏற யாருக்கும் மனசு வரவில்லை. முழங்காலுக்குத் தண்ணீர் வரட்டும் என்பது அங்கேயும் நடந்திருக்கிறது.

விஷவாயு பற்றிய படங்களில் எது சரியாக இருக்கிறது?

மணலி, எண்ணூர் பிள்ளைகள் தவறாமல் கேட்பது. 'தி ரயில்வே மென்' (2023) என்ற நாலு பாகத் தொடரைச் சொல்வேன், மாதவன் நடித்தது. 1984 டிசம்பர் 2 இரவு போபால் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தபோது ரயில் நிலைய ஊழியர்கள் என்ன செய்தார்கள் என்பது கதை. தொடரில் கற்பனை நிறைய கலந்திருக்கிறது. ஆனால் நிலையத்தில் நின்றிருந்த விரைவு வண்டியை நேரத்துக்கு முன்பே கிளப்பிவிட்டுப் பயணிகளைக் காப்பாற்றிய குலாம் தஸ்தகீர் நிஜ மனிதர், துணை நிலைய மேலாளர். மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் எடுத்த முடிவு அது.

போபாலில் கொடுமை என்னவென்றால், ஓடியதே பலரைக் கொன்றது. ஓடும்போது மூச்சு வேகமாக வாங்கும், உள்ளே போகும் விஷமும் கூடும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்தது. பலர் காற்று போகும் திசையிலேயே, வாயுவோடு சேர்ந்தே ஓடினார்கள். முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் அறிவித்திருந்தாலே எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

அமோனியா வேறு. இயல்பில் அது காற்றைவிட லேசானது, ஆனால் குளிரூட்டிய திரவமாகக் கசிந்தால் ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பனிமூட்டம் போல் தரையிலேயே நிற்கும். தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். அதனால் நனைத்த துண்டை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்வது உண்மையிலேயே உதவும். கண் எரிந்தால் கசக்காமல், நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஓடக்கூடாது, அதற்குக் குறுக்காகப் போய் மேகத்தை விட்டு விலக வேண்டும். சரி, நடு ராத்திரியில் காற்றின் திசை எப்படித் தெரியும்? இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கஷ்டமில்லை. அனல்மின் நிலையப் புகைக்கூண்டின் புகையும் ஆலை விளக்கு வெளிச்சத்தில் சாயும் ஆவியும் எந்தப் பக்கம் போகிறது என்று மொட்டை மாடியிலிருந்து பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.

கொரியப் படமான 'எக்ஸிட்' (2019) விளையாட்டாகத் தோன்றும், ஆனால் நன்றாக யோசித்து எடுத்தது. தரையிலிருந்து மேலே ஏறிவரும் விஷவாயுவிடமிருந்து தப்ப இருவர் கட்டடம் கட்டடமாக ஏறுகிறார்கள். மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. அந்தக் காட்சிக்குப் பிறகு உங்கள் அடுக்குமாடியில் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

மீனவர்கள் வந்து காப்பாற்றும் காட்சி சினிமாவுக்காகச் சேர்த்ததா?

இல்லவே இல்லை. '2018' படத்தில் மீன்பிடிப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்கு நடுவே வருவது அப்படியே நடந்தது. 2015 சென்னை வெள்ளத்திலும் நம் கடலோர மீனவர்கள் ஃபைபர் படகுகளைத் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' (2017) பார்த்தாலும் இதே கதைதான். 1940இல் பிரான்ஸ் கடற்கரையில் சிக்கியிருந்த 3,38,000க்கு மேற்பட்ட வீரர்களைக் கொண்டுவந்த வேலையில், கடற்படைக் கப்பல்களோடு மீன்படகுகளும் உல்லாசப் படகுகளும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து போயின.

கடலில் படகு ஓட்டத் தெரிந்தவருக்கும் தெருவில் ஓட்டுவது புது வித்தை. மின்கம்பி தலைக்கு மேல், மூழ்கிய காரும் காம்பவுண்டுச் சுவரும் அடியில், இன்ஜின் விசிறியில் புடவையும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொள்ளும். முன்னால் ஒருவர் துடுப்பை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு அடி கிழிந்த படகை யார் சரிசெய்து கொடுப்பது என்ற கேள்வி வரும். படங்கள் கைதட்டலோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்குப் பிறகு அந்தப் படகுக்காரர் வட்டிக்கு வாங்கி இன்ஜின் மாற்றியதையும் யாராவது எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

'ஏர்லிஃப்ட்' போன்ற படங்கள்?

1990இல் குவைத்திலிருந்து 1,70,000க்கு மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்த கதை. இந்திப் படம், 2016இல் வந்தது. ஒரு தனி நாயகன் எல்லாவற்றையும் சாதித்தது போலவும், வெளியுறவு அதிகாரிகள் தூங்கியது போலவும் காட்டியதை அந்தப் பணியில் இருந்தவர்கள் மறுத்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். மகேஷ் நாராயணனின் 'டேக் ஆஃப்' (2017) இன்னும் நேர்மையானது. 2014இல் ஈராக்கில் திக்ரித் நகரில் சிக்கிய கேரளச் செவிலியர்கள் மீண்டு வந்த நிகழ்வை வைத்து எடுத்தது.

சென்னையே ஒரு தடவை காலியானது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திரிகோணமலை என்று குண்டு போட்டுக்கொண்டு வந்தன. அடுத்தது மெட்ராஸ்தான் என்ற பயம். ஆளுநர் ஆர்தர் ஹோப் அரசு, அவசியப் பணியில் இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அறிவித்தது. அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. கடைகள் அடைத்தன, ரயில்களில் நிற்க இடமில்லை. சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலி, சிறுத்தைகளைச் சுட்டுக் கொன்றார்கள். படையெடுப்பு வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது.

அதற்கும் முன்பு, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோதும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். 1942 நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அருமையான படம். நிறைய பணம் போட வேண்டாம், ராயபுரத்தில் ஒரு வீடு, ஒரு குடும்பம், போகலாமா இருக்கலாமா என்று பேசும் ஓர் இரவு போதும். 1942 நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அருமையான படம்.

செய்தியில் வரும் புயல் கூண்டு எண்ணுக்கு என்ன அர்த்தம்?

"சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 1ஆம் எண் கூண்டு" என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது. எண் 11 வரை போகும். 8, 9, 10 மூன்றும் பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு கப்பலுக்கு. வீட்டில் இருப்பவர்கள் மாவட்ட நிர்வாகம் சொல்வதைக் கேட்க வேண்டும்.

நல்லபடியாக நடந்த வெளியேற்றத்தை ஏன் யாரும் படமாக எடுப்பதில்லை?

என்னை மிகவும் உறுத்தும் கேள்வி இது. 1999 ஒடிசா பெரும்புயலில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு அருகில். 2013இல் பைலின் புயல் அதே கரைக்கு வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், இறப்பு சில பத்துகளில் நின்றது. 2019இல் ஃபனி புயலுக்குப் பன்னிரண்டு லட்சம். இடையில் இருந்த வருடங்களில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள், ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள், ஒத்திகை பார்த்தார்கள். நான் அறிந்தவரை உலகத்தில் இதைவிடப் பெரிய உயிர்காப்புக் கதைகள் கொஞ்சம்தான். ஆனால் திரையில் காட்ட என்ன இருக்கிறது? வீட்டுக் கதவைத் தட்டும் ஒரு பெண், பட்டியலில் பெயரைச் சரிபார்க்கும் ஓர் ஆள், பேருந்தில் ஏறும் பாட்டி. அவர்கள் யாரும் சாகவில்லை.

நமக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் கட்டடங்கள் ஆடின, சுனாமி எச்சரிக்கை வந்தது, கடற்கரையைக் காலி செய்தார்கள், குப்பங்களிலிருந்து மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். நிலத்தட்டு மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழும்பவில்லை. மறுநாள் "சும்மா பயமுறுத்திவிட்டார்கள்" என்று பேசியவர்கள் உண்டு. 2004இல் கிடைக்காத எச்சரிக்கை அன்று வேலை செய்தது என்பதைச் சொல்ல ஒரு படம் இருந்திருந்தால் அந்தப் பேச்சு மாறியிருக்கும். அலையைக் காட்டிப் பயமுறுத்தும் படங்கள் நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன. கிளம்பச் சொல்பவரை நம்ப வைக்கும் படங்கள்தான் வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

'தி இம்பாசிபிள்' வேண்டாம், காயங்கள் மிகவும் நேரடியாக இருக்கும். '2018' பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம், பக்கத்தில் பெரியவர் இருக்கட்டும். சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் நடுவே இருக்கின்றன. அவர்களுக்கு அலைக் காட்சி வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம், எழுந்து போக வேண்டுமானால் போகலாம். அவர்களை "எப்படி இருந்தது" என்று கேட்கக் கூடாது. அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.

படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், மீனவர் அட்டை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வெள்ளம் என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் வார்டில் முகாம் எந்தப் பள்ளியில் என்று மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள், அங்கே கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் இப்போதே மனு கொடுங்கள். மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதி வையுங்கள், சார்ஜ் தீர்ந்தாலும் அவை இருக்கும்.